குரோம் பூச்சின் நன்மை தீமைகள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாசற்கதவுத் தாழ்ப்பாளைத் துடைப்பேன். அதற்கென்றே ஒரு பழைய பனியன் துணி, எண்ணெய் தொட்டது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, குமிழைச் சுற்றி ஒரு சுற்று. பிறகு பல் துலக்குவேன், குளிப்பேன், சட்டைக்கு இஸ்திரி போடுவேன். நின்றுகொண்டே சாப்பிடுவேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பேன்.

தாழ்ப்பாளைத் துடைக்க இப்போது அவசியம் ஏதும் இல்லை. என் கை பட்டால் இரும்பு துருப்பிடிப்பதில்லை. என் மனைவியின் கை பட்டால் பிடிக்கும். அவள் இல்லாமல் போன பிறகும் கை தானாக ஆணியை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது ஒரு தொழில் குறிப்பு. துப்பாக்கிக்கு ஹார்டு குரோம் பூசுவதால் என்ன நன்மை, என்ன தீமை. "கோர்ட்ல இருக்கறவங்களுக்குத் தொட்டியும் தெரியாது, ஆசிட்டும் தெரியாது. எல்லாருக்கும் விளங்குற மாதிரி எழுதிக் குடுங்க தம்பி" என்றீர்கள். என் மச்சான் மீதான வழக்குக்கு அது தேவைப்படுகிறது. நான் வேதிப் பொறியியல் படித்தவன், பூச்சுப் பட்டறையில் வேலை செய்கிறவன், இறந்தவளின் கணவன். என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான் என்றும் சொன்னீர்கள். அது சரிதான்.

முதல் நன்மை, துரு பிடிக்காது. கடையில் வாங்கும் துப்பாக்கியில் இருக்கும் கருநீலம் ஒரு சாயம் மாதிரி. அழகாக இருக்கும், காவல் காக்காது. சிலருடைய வியர்வையில் உப்பும் புளிப்பும் அதிகம். அவர்கள் தொட்ட இடம் மறுநாளே பழுத்துவிடும். குரோம் பூசினால் அந்தக் கவலை இல்லை.

என் மனைவி அந்தக் கவலையோடுதான் எங்கள் பட்டறைக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் கூட வந்தார். அவர் துப்பாக்கி கிளப்பில் ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவர். அவள் அங்கே போட்டிகளுக்குச் சுடுகிறவள். எங்கள் பட்டறையில் பெரும்பாலும் எந்திர உருளைகளும் அச்சுகளும்தான் வரும். துப்பாக்கி எப்போதாவது. அவர் ஒரு துண்டைப் பிரித்து, உள்ளேயிருந்த துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். பிடிக்கு மேலே மூன்று விரல்கள் செம்பழுப்பாகப் பதிந்திருந்தன. ரேகைகூடத் தெரிந்தது.

"இது என் தங்கச்சி. வீட்டுல பேரு துருக்கை. ஒரே ஒரு நாள் துடைக்காம வெச்சா, பாருங்க லட்சணத்தை."

"அண்ணே, வெளியாள் முன்னாடி மானத்தை வாங்காத."

"டாக்டர்கிட்ட மறைக்கலாமா? நீங்க சொல்லுங்க சார், துப்பாக்கிக்குப் பூசுறதா, இவ கைக்கே பூசிடலாமா?"

நான் சிரிக்கவில்லையாம். பிற்பாடு அதை எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். நான் அப்போது ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் விரலை அவ்வளவு அருகில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை, அதுவும் அவள் தள்ளி நிற்கும்போது.

நன்மைகளைச் சொன்னேன். அரம் வைத்துத் தேய்த்தாலும் வழுக்கும், அவ்வளவு கடினம். உராய்வு குறைவு, அதனால் உள்பாகங்கள் தேயாமல் ஓடும். வெடிமருந்துக் கரி ஒட்டாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விக்கிறவங்க எல்லாரும் நல்லதைத்தான் சொல்வாங்க. கெட்டதையும் சொல்லுங்க" என்றாள்.

இரண்டாவதாகக் கேட்ட ஆள் நீங்கள்.

தீமைகளையும் சொன்னேன். பூச்சு எதையும் மறைக்காது. அடியில் கீறல் இருந்தால் கீறலும் சேர்ந்து மின்னும். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் ஏறாது. முனைகளில் தடிக்கும், குழிகளில் மெலியும். ஒருமுறை பூசினால் பழைய நீலத்துக்குத் திரும்ப முடியாது. கடைசியாக, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டாக முறிந்த போல்ட். வெளியே பளபளப்பு, முறிந்த முகத்தில் பொடிப் பொடியாகப் பட்டைகள்.

"கற்கண்டு மாதிரி இருக்கு" என்றாள்.

"அப்படித்தான் உடையும். தொட்டியில கிடக்கறப்ப இரும்பு ஹைட்ரஜனைக் குடிச்சுடும். வெளிய எடுத்ததும் அடுப்புல வெச்சு அதை விரட்டணும். அதுவும் அன்னைக்கே. விட்டா உள்ளேயே தங்கிடும்."

"வைக்கலேன்னா?"

"பார்த்தா ஒண்ணும் தெரியாது. சுத்தியால அடிச்சாக்கூடத் தாங்கும். ஆனா ஒரு பாரத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னுச்சுன்னா, ஒரு நேரத்துல பட்டுனு விட்டுடும். யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க."

"சில மனுசங்க மாதிரி" என்றாள். போல்ட்டின் பாதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு."

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கை கழுவும் குழாயடியில் மேஸ்திரி வந்து நிற்பார். ஒவ்வொருவரிடமும், "அடுப்புல வெச்சாச்சா?" என்று கேட்பார். வெச்சாச்சு என்று சொல்லாமல் யாரும் சோப்பைத் தொட முடியாது. கை கழுவிவிட்டால் மனசு வீட்டுக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. கல்யாணமான புதிதில் இதை அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவளும் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "அடுப்புல வெச்சாச்சா?" வெச்சாச்சு என்பேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வரும். நாளடைவில் எல்லாவற்றுக்கும் அதையே கேட்டாள். மின்சாரக் கட்டணம், கொசுவலை, என் அம்மாவுக்குப் போன். எல்லாவற்றையும் அடுப்பில்தான் வைத்தோம்.

அவளுடைய துப்பாக்கிக்கு நான்தான் பூசினேன். முறையாகச் செய்தேன், முறையாக அடுப்பில் வைத்தேன். பிறகு வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். தையல் கத்தரி, பீரோச் சாவி, நகவெட்டி, அவள் சைக்கிள் மணி. "என்னையே ஒரு முக்கு முக்கி எடுத்துடுங்க, வேலை முடிஞ்சது" என்றாள். தாழ்ப்பாளுக்கு மட்டும் பூசவில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முந்தின நாள் அவள் எத்தனை மணிக்கு வந்திருந்தாலும், காலையில் அந்தக் குமிழில் லேசாக ஒரு பழுப்பு இருக்கும். அதைத் துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குவேன். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அவள் நன்றாகச் சுட ஆரம்பித்தாள். நன்றாக என்றால், கிளப்பில் மற்றவர்கள் தங்கள் முறை முடிந்த பிறகும் போகாமல் நின்று பார்க்கும் அளவுக்கு. வெளியூர்ப் போட்டிகள், அதற்கான பயிற்சிகள். சில வாரங்கள் தாழ்ப்பாள் சுத்தமாகவே இருந்தது. துணியை எடுப்பேன், துடைக்க ஒன்றும் இருக்காது, துடைப்பேன்.

தேர்வுப் போட்டி ஒன்று வந்தது. அதில் தேறினால் தலைநகரத்தில் தங்கிப் பயிற்சி, அங்கிருந்து வெளிநாடுகள். எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அவள் என்னிடம் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்ல விஷயம்தானே."

"நல்ல விஷயம்தான். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டேன்."

"போயிட்டு வா."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "ஒரு தடவை வேணாம்னு சொல்லிப் பாருங்களேன். ஒரு சண்டையாவது போட்டுட்டுப் போவேன்" என்றாள்.

நான் சொல்லவில்லை. நான் அவளை ஒருபோதும் தடுத்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷன் கிடைக்க வேண்டுமே என்றுதான் சொல்வார்கள்.

இப்போது ஹேமர் பற்றிச் சொல்ல வேண்டும். துப்பாக்கியின் பின்பக்கம் கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு அது. அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால், அதன் அடியிலேயே, அதோடு ஒட்டியே இருக்கும் ஒரு சின்னக் கொக்கி அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். விசையை அழுத்தினால் பிடி விடும், ஹேமர் முன்னால் பாய்ந்து அடிக்கும், குண்டு வெடிக்கும். அந்தக் கொக்கி ஒரு அரிசி மணி அளவுகூட இருக்காது. குண்டு நிரப்பி, ஹேமரை இழுத்து, இடுப்பு உறையில் வைத்திருக்கும் துப்பாக்கியில் எல்லாமே அதன் பிடியில்தான் நிற்கிறது.

போட்டிக்கு முந்தின வாரம் மச்சான் புது ஹேமரைக் கொண்டுவந்தார். பழையது தேய்ந்துவிட்டது. புதியதை அவரே கையால் தேய்த்து மெருகேற்றியிருந்தார்.

"முகம் பார்க்கலாம் மாப்ளே. பார்த்துத் தலை சீவிக்கோங்க."

"கொக்கி முனையில பூச்சு தடிச்சிடும் மச்சான்."

"அதுக்குத்தான் ஒரு மயிரிழை குறைச்சு விட்டிருக்கேன். எனக்கே பாடமா?"

"இல்ல, சொன்னேன்."

"நீங்க சொல்றதே அபூர்வம், சொல்லுங்க சொல்லுங்க." என் முதுகில் தட்டினார். "இந்தத் தடவை நம்ம துருக்கை தேறிடுவா. எழுதி வெச்சுக்கோங்க."

அன்றே பூசினேன். நல்ல பூச்சு. நான் செய்ததிலேயே நல்ல பூச்சு என்றுகூடச் சொல்லலாம். தொட்டியிலிருந்து எடுத்து, கழுவி, துடைத்து, அடுப்பின் முன்னால் போய் நின்றேன். கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. உள்ளே வேறு உருப்படிகள் வரிசையாக இருந்தன. நடுத் தட்டில் ஒரு ஓரம் காலியாக இருந்தது.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். நீங்களும் அதைக் கவனக்குறைவு என்று குறித்துக்கொள்வீர்கள். எனக்கும் அது வசதி. ஆனால் நான் மறக்கவில்லை. கதவை மூடிவிட்டு, ஹேமரை ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குழாயடியில் மேஸ்திரி கேட்டார். வெச்சாச்சு என்றேன். கை கழுவினேன்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அவளும் கேட்டாள்.

"அடுப்புல வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"என்னோடதா?"

"உன்னோடதுதான்."

"அதை மட்டும் ரெண்டு தடவை வைங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஹேமர் என் பையில்தான் இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் போட்டியைப் பற்றி ஏதோ சொன்னாள், ஒரு பெண் சுடும்போது நாக்கைத் துருத்திக்கொள்வாளாம், அதைப் போலவே செய்து காட்டினாள். நான் சிரித்தேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் எங்கேயோ, அடுப்பில் வைத்துப் பயன் இருக்கும் நேரம் கடந்துபோனது. அது கடந்தது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சீக்கிரமாகப் போய் அதை அடுப்பில் வைத்தேன். இனி வைத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துதான் வைத்தேன். மேஸ்திரி உங்களிடம், "என் கண்ணால பார்த்தேன், அடுப்புலதான் இருந்துச்சு" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

நான் நினைத்தது இவ்வளவுதான். போட்டியின் நடுவில் கொக்கி முறியும், துப்பாக்கி வேலை செய்யாது, அவள் தோற்பாள். கொஞ்ச நாள் அழுவாள். நான் பக்கத்தில் இருப்பேன். இதில் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஒரு கணவன் இதைவிட மோசமானதையெல்லாம் நேருக்கு நேர் சொல்லியே செய்கிறான்.

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். மச்சான் ஹேமரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"விசை இப்ப எப்படி இருக்கு தெரியுமா மாப்ளே? வெண்ணெய். உள்ள ஒரு தடுப்பு இருக்கும்ல, ஹேமர் தானா விழுந்தாலும் வெடிக்காம நிறுத்துமே, அதைக் கழட்டிட்டேன். போட்டிக்கு எல்லாரும் பண்றதுதான்."

"அப்ப கொக்கி மட்டும்தான்."

"கொக்கி போதாதா? நான் தேய்ச்ச கொக்கி, நீங்க பூசுற பூச்சு. அவளுக்கு வேற என்ன வேணும்?"

ஆகவே துப்பாக்கி சும்மா நின்றுபோகும் என்று நான் நினைத்தேன் என்பது முழு உண்மை இல்லை. அடுப்பின் முன்னால் நின்றபோது இந்தப் பேச்சும் என் காதில் இருந்தது.

மச்சான் சோதிக்காமல் பொருத்த மாட்டார். ஹேமரைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டு, அடிக்க விட்டுப் பார்ப்பார். அவர் கண்டுபிடித்துவிட்டால் சரி என்றும் நினைத்தேன். கண்டுபிடிக்க மாட்டார் என்பதும் தெரியும். அவர் அடித்துப் பார்ப்பார். இழுத்து நிறுத்தி, அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்து பார்க்க மாட்டார். அவர் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. அவருக்குத் தெரியாத ஒரே சோதனை அது. எனக்குத் தெரிந்தது.

போட்டியன்று நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், மற்றவர்களோடு நின்றிருந்தேன். வெயில் இல்லை, காற்று கொஞ்சம். அவள் முறை வந்தது. குண்டு நிரப்பினாள், ஹேமரை இழுத்தாள், உறையில் வைத்தாள், இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றாள். சத்தம் கேட்டதும் எடுத்துச் சுட வேண்டும். ஆனால் சத்தம் எழுப்பும் கருவி வேலை செய்யவில்லை. நடுவர் அதைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். யாரோ, "சார், வாயாலயே கத்திடுங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் திரும்பாமலே சிரித்தாள், தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

அவள் அப்படிச் சும்மா நின்றாள். துப்பாக்கியும் அவள் இடுப்பில் சும்மா நின்றது.

வெடித்தபோது அவள் கை அதன்மேல் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. குண்டு உறையைத் துளைத்துத் தொடையில் இறங்கியது. பெரிய ரத்தக்குழாய் என்று பிறகு டாக்டர் சொன்னார். மச்சான் எனக்கு முன்னால் ஓடினார். பழக்கதோஷத்தில் முதலில் துப்பாக்கியை உருவிக் குண்டுகளை வெளியே தள்ளித் தரையில் வைத்தார். பிறகுதான் வண்டி, வண்டி என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினார். நான் இரண்டு கையாலும் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தினேன். அதில் குறை வைக்கவில்லை.

அவள் பேசினாள். நான் குனிந்து கேட்டேன். குனிந்ததைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

மருத்துவமனை நடையில் மச்சான் என் முன்னால் வந்து நின்றார். அவர் சட்டை முன்பக்கம் முழுவதும் அவள் ரத்தம். பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார், அவர்களுடைய அம்மா.

"மாப்ளே, குனிஞ்சு கேட்டீங்களே. என்ன சொன்னா?"

"அண்ணனைத் திட்டாதீங்கன்னு சொன்னா."

யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்காது. மச்சான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். அத்தை மெதுவாக மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ ஏன்டா அப்படிச் சொன்னா? நீ என்ன பண்ணின?"

"தடுப்பைக் கழட்டினேன்ம்மா. கொக்கியையும் தேய்ச்சு..."

அதற்குப் பிறகு அத்தை அவரோடு பேசுவதில்லை. அவர் வந்தால் உள் அறைக்குப் போய்விடுகிறார். உங்கள் ஆட்கள் வந்தபோதும் முதலில் கேட்டது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். இறக்கிறவள் தன் அண்ணனுக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள் என்றால் அண்ணன் என்னவோ செய்திருக்க வேண்டும் அல்லவா. அது நியாயமான ஊகம். நான் யார் மேலும் பழி போடவில்லை. ஒருவரைத் திட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மச்சான் வாரம் தவறாமல் என்னைப் பார்க்க வருகிறார். போன முறை வந்தபோது, நீதிமன்றத்தில் எதையும் மறுக்கப் போவதில்லை என்றார். வக்கீல் திட்டியும் கேட்கவில்லையாம்.

"ஜெயில்ல போட்டா போடட்டும் மாப்ளே. அவ கடைசியா என்னை நினைச்சா, கோபமில்லாம நினைச்சா. அது ஒண்ணு இருக்கறதாலதான் சோறு இறங்குது."

"நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்க மச்சான்."

"நீங்க கிடைச்சது அவ பாக்கியம்" என்றார். பிறகு எழுந்து போகும்போது தாழ்ப்பாளைப் பார்த்தார். "இன்னும் துடைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்று அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது அவர் கையைப் பார்த்தேன். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். இனி எந்த ஆயுதத்தையும் தொடுவதில்லை என்று கிளப்பில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

இந்தக் குறிப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் வெளியே இருப்பார். அத்தை அவரோடு பேசுவார். ஆனால் சோறு இறங்க வைத்த அந்த ஒரு வாக்கியம் அவரிடம் இருக்காது. இரண்டில் எது அவருக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. நன்மை தீமை இரண்டையும் எழுதும்படி நீங்கள் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இதோடு ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் மைதானம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காத முறிந்த கொக்கி அதில் இருக்கிறது. அது உறையின் வாயில் சிக்கியிருந்து, மச்சான் துப்பாக்கியை உருவியபோது வெளியே விழுந்தது. அவள் விரல்கள் புல்லில் துழாவி அதை எடுத்தன. பிறகு அவள் கையை விரித்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பூச்சு பூசிய பக்கங்கள் இன்றும் புதிது மாதிரி மின்னுகின்றன. நல்ல பூச்சு என்று சொன்னேன் அல்லவா. முறிந்த முகத்தில் மட்டும் பூச்சு கிடையாது. அங்கே வெறும் இரும்பு, அதன்மேல் அவள் கை வியர்வை. முதல் நாள் அது கற்கண்டு மாதிரி இருந்தது. இப்போது முழுக்கத் துரு. சுரண்டினால் பொடிதான் வரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் அப்படியே இருந்திருக்கும். தினமும் காலையில் எண்ணெய்த் துணி என் கையில்தான் இருந்தது. தாழ்ப்பாளைத் துடைத்துவிட்டுத் துணியை மறுபடி ஆணியில் மாட்டினேன்.

ஆகவே என் வார்த்தையைத்தான் நீங்கள் நம்ப வேண்டும். கொக்கியை அன்றே அடுப்பில் வைக்காமல் விட்டது நான். அது எப்போது முறியும் என்று தெரியாவிட்டாலும், முறிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தவன் நான். மச்சானுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. அதை அத்தையிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் எதுவும் தெரியாமல் போனாள். என்மேல் வைத்த நம்பிக்கை கலையாமல் போனாள். படுத்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, அதற்குக் காரணம் இதுதான்.

அவள் சொன்னதையும் சரியாக எழுதிவிடுகிறேன், கோர்ட்டில் கேட்பார்கள். அவள் அந்தக் கொக்கியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பட்டறைக்கு முதன்முதலாக வந்த அன்று போல்ட்டைப் பார்த்தாளே, அதே மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்தேன். கோபமாகச் சொல்லவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து வருமே, அந்தக் குரல்.

"அடுப்புல வெச்சாச்சுன்னு சொன்னீங்களே."